கேரள ஜீப், மாற்றிய எஞ்சின், தமிழ்நாட்டு நம்பர்: எதை முதலில் செய்வது

பழைய மஹிந்திரா ஜீப் தேடுகிறவர்கள் கடைசியில் இடுக்கியிலோ வயநாட்டிலோ போய்த்தான் நிற்பார்கள். ஏலக்காட்டுக்கும் தேயிலை எஸ்டேட்டுக்கும் ஏறி இறங்க அங்கே இன்னமும் ஜீப் ஓடுகிறது. ஓடிக்கொண்டே இருப்பதால் கியர்பாக்ஸ், ஆக்சில் எல்லாம் உயிரோடு இருக்கும். விலையும் படிந்துவிடும். பானெட்டைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே டீசல் எஞ்சின். ஆர்.சி. புக்கைப் பிரித்தால் பெட்ரோல். இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனிக்காமல் முன்பணம் கொடுத்தவர்களின் வண்டிகள் இரண்டு மாநிலத்துக்கும் நடுவே நிற்கின்றன: அங்கே என்ஓசி (வேறு மாநிலத்துக்கு மாற்றத் தடையில்லை என்ற சான்று) கொடுத்தாயிற்று, இங்கே நம்பர் தரமாட்டேன் என்கிறார்கள்.

இது எப்படி வந்தது என்பது எளிது. மஹிந்திராவின் பழைய மாடலான சிஜே3பி ஜீப் கம்பெனியிலிருந்து வந்தபோது அதில் இருந்தது வில்லிஸ் ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின்: நான்கு சிலிண்டர், 2199 சி.சி., 75 குதிரைத்திறன். மலையில் லோடோடு ஏறும்போது அது குடிக்கும் பெட்ரோலுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் எக்ஸ்டிபி 4.90 என்கிற 2112 சி.சி. பெஜோ டீசலையோ, பிறகு வந்த எம்டிஐ 3200 என்கிற 2523 சி.சி. டீசலையோ இறக்கி வைத்தார்கள். இரண்டும் மஹிந்திராவே வேறு மாடல்களில் போட்ட எஞ்சின்கள் என்பதால் மவுண்டிங், பெல் ஹவுசிங் எல்லாம் சுலபமாகக் கிடைத்தது. 1489 சி.சி. பெட்ரோல் அம்பாசிடரில் இசுசு டீசல் ஏறிய கதையும் இதுதான். மெக்கானிக் வேலை பிசகில்லாமல் முடிந்திருக்கும். பேப்பர் வேலையைத்தான் பாதிப் பேர் செய்யவில்லை.

எங்கள் அழுத்தமான கருத்து ஒன்றுதான்: எஞ்சின் கணக்கை வண்டி பதிவான மாநிலத்திலேயே தீர்த்த பிறகுதான் என்ஓசி கேட்க வேண்டும். "முதலில் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோம், இங்கே நமக்குத் தெரிந்தவர் இருக்கிறார், எஞ்சின் நம்பரை இங்கே ஏற்றிக்கொள்ளலாம்" என்று புரோக்கர் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். என்ஓசி கொடுத்த நொடியில், ஆர்.டி.ஓ. அலுவலகங்கள் வண்டிப் பதிவுகளை வைத்திருக்கும் 'வாகன்' மென்பொருளில் அந்த வண்டியின் பதிவு பூட்டப்படும். பிறகு கேரள அலுவலகம் திருத்தம் செய்ய முடியாது. தமிழ்நாட்டு அலுவலகமோ என்ஓசியில் வந்த விவரத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, வண்டியோடு ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்தான் செய்யும். ஒப்பிட்டதில் எஞ்சின் எண் வேறு, எரிபொருள் வேறு என்றால் ஃபைலைத் திருப்பிவிடுவார்கள். அப்போது கேரளாவுக்குப் போய் என்ஓசியை ரத்து செய்து, திருத்தி, மறுபடி என்ஓசி வாங்க வேண்டும். விற்றவர் அதற்குள் போனை எடுப்பதை நிறுத்தியிருப்பார்.

சட்டம் எங்கே நிற்கிறது

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-வது பிரிவுதான் இதற்கு மையம். சட்டம் நடைமுறைக்கு வந்தது 1989 ஜூலை 1. அன்றைய 52-வது பிரிவின்படி, ஆர்.டி.ஓ.வுக்கு முன்கூட்டியே எழுதிக்கொடுத்து ஒப்புதல் வாங்கினால் வண்டியில் மாற்றம் செய்யலாம். 2000 ஆகஸ்டில் திருத்தம் வந்தது. அதன்பின் வாசகமே மாறிவிட்டது: ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி போன்றவற்றுக்கு அங்கீகாரம் பெற்ற கிட் பொருத்துவது மட்டும் நிபந்தனையோடு விதிவிலக்கு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கு போனதே கேரளாவிலிருந்துதான். அதனால் கேரள அலுவலகங்கள் இந்த விஷயத்தில் மிகவும் கவனமாக இருக்கின்றன. அதே 2019-இல் சேர்த்த 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ரூ.5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இதை வைத்துக்கொண்டு உங்கள் வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்.

எஞ்சினை மாற்றியதே 2000-க்கு முன்பு, அப்போதே ஆர்.டி.ஓ. ஒப்புதலோடு ஆர்.சி. புக்கில் எழுதப்பட்டிருக்கிறது என்றால் கவலையே வேண்டாம், நல்ல வண்டி. ஒரே ஒரு சோதனை மட்டும் இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறோம்.

அதே வகை எஞ்சினைப் போட்டிருக்கிறார்கள், எண் மட்டும் மாறியிருக்கிறது என்றால் (எக்ஸ்டிபி இருந்த இடத்தில் இன்னொரு எக்ஸ்டிபி, ஹரிக்கேன் இருந்த இடத்தில் இன்னொரு ஹரிக்கேன்) ஆர்.சி. விவரத்தில் சி.சி.யும் எரிபொருளும் மாறவில்லை. எஞ்சின் எண்ணை மாற்றி எழுத விண்ணப்பித்து, வண்டியைக் காட்டி, எஞ்சின் வாங்கிய பில்லைக் கொடுத்தால் ஆகக்கூடிய வேலை. மாற்றம் நடந்த 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். வருடக்கணக்கில் தாமதமானால் அபராதம் கட்டித்தான் தீர வேண்டும்.

ஆர்.சி.யில் பெட்ரோல், வண்டியில் டீசல், எங்கேயும் எழுதப்படவில்லை: இதுதான் சந்தையில் அதிகம் கிடைப்பது. இதை இன்று சட்டப்படி டீசலாக ஏற்றுவதற்கான வாய்ப்பு மிகமிகக் குறைவு. அதே கம்பெனி அதே மாதிரி வண்டியை டீசலிலும் விற்றது என்ற வாதத்தை வைத்து விண்ணப்பிக்கிறவர்கள் உண்டு. அதை நம்பி வண்டி வாங்காதீர்கள். ஒழுங்கான வழி, ஒரு ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சினைத் தேடிப் பிடித்து மறுபடி உள்ளே வைத்து, வண்டியை ஆர்.சி.யோடு ஒத்துப்போக வைப்பதுதான். செலவாகும். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். விற்கிறவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அடுத்த வண்டியைப் பாருங்கள். பழைய பெட்ரோல் எஞ்சின் அதே வீட்டுக் கொட்டகையில் கிடக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பல இடங்களில் கிடக்கும், அதன் எண்தான் ஆர்.சி.யில் இருக்கும். அப்படிக் கிடைத்தால் எஞ்சின் எண்ணை மாற்றி எழுதும் வேலைகூட இல்லாமல் போய்விடும்.

அந்த உள்பக்கக் கையெழுத்து

முதல் நிலையில் சொன்ன சோதனை இது. பழைய ஆர்.சி. என்பது புத்தகம். முதல் பக்கத்தில் வண்டி விற்றபோது இருந்த விவரம்: பெட்ரோல், பழைய எஞ்சின் எண். உள்ளே நாலைந்து பக்கம் தள்ளி, மங்கிய நீல மையில், "டீசல் எஞ்சின் பொருத்த அனுமதிக்கப்பட்டது, எண் இன்னது" என்று ஒரு குறிப்பு, கீழே கையெழுத்து, வட்ட முத்திரை. இந்தப் புத்தகங்களை வாகன் கணினியில் ஏற்றியபோது பல இடங்களில் முதல் பக்கத்தை மட்டும் பார்த்து அடித்துவிட்டார்கள். விளைவு: கையில் இருக்கும் புத்தகத்தின்படி டீசல், கணினியின்படி பெட்ரோல். என்ஓசி கணினியிலிருந்துதான் வரும், புத்தகத்திலிருந்து வராது.

அதனால் வண்டியைப் பார்க்கும் அன்றைக்கே மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: புத்தகத்தின் எல்லாப் பக்கமும், அரசின் பரிவாகன் இணையதளத்தில் வரும் விவரமும், எஞ்சின் பிளாக்கில் இருக்கும் எண்ணும். தளத்தில் எஞ்சின், சேசிஸ் எண்களின் ஒரு பகுதியை மறைத்துத்தான் காட்டும். எரிபொருளும் பதிவு காலாவதியாகும் தேதியும் தெரியும். முழு எண் வேண்டுமென்றால் உரிமையாளர் பெயரில் ஆர்.சி. விவர நகல் எடுக்கச் சொல்லுங்கள். புரோக்கர்கள் 'பி எக்ஸ்ட்ராக்ட்' என்று சொல்வது இதைத்தான். கணினியில் தப்பாக ஏறியிருந்தால், கையெழுத்துக் குறிப்புள்ள பக்கத்தின் நகலோடு, அலுவலகத்தின் பழைய பதிவேட்டைப் பார்த்துத் திருத்தும்படி உரிமையாளர் மனு கொடுக்க வேண்டும். பதிவேட்டில் அந்தக் குறிப்பு இருந்தால் திருத்துவார்கள். இல்லை, புத்தகத்தில் மட்டும்தான் இருக்கிறது என்றால் அந்தக் கையெழுத்தையே சந்தேகப்படுவார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானதும்கூட.

தட்டச்சுப் பிழைகளையும் இப்போதே பாருங்கள். ஆங்கில ஓ எழுத்தும் பூஜ்யமும், ஐ எழுத்தும் ஒன்றும், எஸ் எழுத்தும் ஐந்தும், பி எழுத்தும் எட்டும் இடம் மாறி ஏறியிருக்கும். ஒரு எழுத்து போதும், அங்கே ஃபைல் நின்றுவிடும்.

எண்ணைத் தேடுவதும் துடைப்பதும்

ஹரிக்கேன் எஞ்சினின் எண், பிளாக்கின் முன்பக்கம் வாட்டர் பம்ப் உட்காரும் மேட்டில் குத்தப்பட்டிருக்கும். ரேடியேட்டர் ஃபேனுக்குப் பின்னால், வருடக்கணக்கான கிரீஸும் கூலன்ட் கறையும் சேர்ந்து ஒரு கருப்புப் பொருக்காக மூடியிருக்கும். டீசல் எஞ்சின்களில் பிளாக்கின் பக்கவாட்டில், மெஷின் செய்து வழவழப்பாக்கிய ஒரு சின்னச் சதுரத்தில் இருக்கும். கையால் தடவினால் சுற்றியுள்ள வார்ப்பின் சொரசொரப்புக்கு நடுவே அந்த வழவழப்பு தெரியும். வார்ப்போடு சேர்ந்து புடைப்பாக நிற்கும் எண் எஞ்சின் எண் அல்ல, அது வார்ப்பு எண். அதை எழுதிக்கொண்டு போய் ஏமாந்தவர்கள் நிறைய.

துடைக்கும்போது அவசரப்படாதீர்கள். முதலில் டீசல் நனைத்த துணியை அரை மணி நேரம் அதன்மேல் ஒட்டிவையுங்கள். பிறகு பழைய டூத் பிரஷ், கடைசியில் தின்னர். பெயின்ட் இருந்தால் பெயின்ட் ரிமூவர். எமரி பேப்பர், கிரைண்டர், கம்பிச் சக்கரம் எதுவும் அந்த இடத்தில் படக்கூடாது. எண்ணைச் சுற்றிப் புதிதாகத் தேய்த்த பளபளப்பு இருந்தாலே பிரேக் இன்ஸ்பெக்டர் (வண்டியைச் சோதிக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர்) "யார் இதைத் தொட்டது?" என்றுதான் ஆரம்பிப்பார். உலோகம் காய்ந்ததும் சாக்பீஸை மேலே தேய்த்து, விரலால் துடைத்தால் குழிகளில் மட்டும் வெள்ளை நிற்கும். போட்டோ எடுக்க அதுதான் வசதி. பென்சில் பிரிண்ட் எடுக்க மெல்லிய வெள்ளைத் தாள், 2பி அல்லது 4பி பென்சில், தாள் நகராமல் இருக்க இரண்டு பக்கமும் டேப். பென்சிலைப் படுக்கவைத்து ஒரே திசையில் தேய்க்க வேண்டும். எஞ்சினுக்கு நான்கு, சேசிஸுக்கு நான்கு என்று எடுத்து வையுங்கள்; இரண்டு மாநிலத்திலும் கேட்பார்கள்.

சேசிஸ் எண் துருவில் அழிந்திருந்தால் லேத் பட்டறையில் கொடுத்து மறுபடி குத்திவிடாதீர்கள். அலுவலகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியோடுதான் குத்த வேண்டும், அதுவும் ஆர்.சி.யில் ஏற வேண்டும். வெட்டி ஒட்டிய வெல்டிங் தடம் அந்த எண்ணுக்கு அருகே தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். ஒரு வண்டியின் ஆர்.சி., இன்னொரு வண்டியின் சேசிஸ் என்பது பேப்பரில் சரிசெய்யக்கூடிய குறை அல்ல, கிரிமினல் வழக்கு.

எஞ்சின் எங்கிருந்து வந்தது

புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் சந்தையிலோ உள்ளூர் காயலான் கடையிலோ எஞ்சின் வாங்கினால், எஞ்சின் எண் எழுதிய, ஜி.எஸ்.டி. எண்ணோடு கூடிய பில் கண்டிப்பாக வேண்டும். "டீசல் எஞ்சின் ஒன்று" என்று மட்டும் எழுதிய பில்லுக்கு மதிப்பில்லை. அது வேறொரு பதிவு வண்டியிலிருந்து கழற்றியது என்றால், அந்த வண்டியின் ஆர்.சி. ரத்து செய்யப்பட்டதற்கான ஆதாரத்தையும் கேட்டு வாங்குங்கள். அந்த வண்டி கணினியில் இன்னும் உயிரோடு இருந்தால், அதே எஞ்சின் எண்ணை உங்கள் ஆர்.சி.யில் அடிக்கும்போது இன்னொரு வண்டியில் இருப்பதாகச் சொல்லி மென்பொருள் மறுத்துவிடும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்தில் திருட்டு வண்டிகளின் பட்டியலைத் தேடிச் சான்று எடுக்கலாம். பதிவு எண், சேசிஸ் எண்ணோடு, பொருத்தியிருக்கும் எஞ்சினின் எண்ணையும் போட்டுப் பாருங்கள். ஆர்.சி.யில் இருக்கும் பழைய எண்ணைப் போட்டுச் சுத்தம் என்று வந்தால், அது கழற்றிப்போட்ட எஞ்சினுக்கான சான்றுதானே.

கேரளப் பக்கம் முடிக்க வேண்டியவை

ஆர்.சி.யில் பெயர் இருப்பவர்தான் உங்களுக்கு விற்கிறாரா என்பது முதல் கேள்வி. மலைப்பக்க ஜீப்புகள் மூன்று கை மாறியும் ஆர்.சி. முதல் ஆள் பெயரிலேயே இருக்கும். ஓப்பன் டிரான்ஸ்பர் என்று கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவங்களைக் கையில் கொடுப்பார்கள். இன்று அது வேலைக்கு ஆகாது. உரிமையாளரின் மொபைல் எண் வாகன் பதிவில் ஏறியிருக்க வேண்டும், ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும். அவர் இறந்துவிட்டார் என்றால் முதலில் வாரிசு பெயருக்குப் படிவம் 31-இல் மாற்றி, பிறகுதான் விற்பனை.

அடுத்தது, அது டிரிப் ஜீப்பா என்பது. மஞ்சள் போர்டில் ஓடிய வண்டி என்றால் பெர்மிட்டை ஒப்படைத்து, தனிநபர் வண்டியாக மாற்றிய பிறகுதான் மற்ற எல்லாம். கேரளாவில் மோட்டார் தொழிலாளர் நலநிதிப் பாக்கி ஒன்று இருக்கும், பலருக்கு இது தெரியாது. அதைக் கட்டாமல் வரி கட்ட முடியாது, வரி கட்டாமல் என்ஓசி கிடையாது. கேமரா அபராதம் உட்பட இ-சலான் பாக்கியையும் பாருங்கள். பழைய வங்கிக் கடன் ஆர்.சி.யில் நிற்கிறதென்றால் படிவம் 35-ம் வங்கியின் கடிதமும் வேண்டும். எப்போதோ கடன் கொடுத்த பைனான்ஸ் கம்பெனி மூடிப்போயிருந்தால் அந்த ஒரு கடிதத்துக்கே மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

பதிவுக் காலம் முடிந்துவிட்டதா? முதல் பதிவு 15 வருடம், பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், படிவம் 25. புதுப்பிப்பைக் கேரளாவிலேயே முடித்துவிட்டு என்ஓசி கேட்பதுதான் சிக்கல் குறைந்த வழி. 20 வயது தாண்டிய கார், ஜீப் வகைக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் ரூ.10,000 ஆக்கினார்கள், இறக்குமதி வண்டி என்றால் ரூ.80,000. அதனால் ஆர்.சி.யில் தயாரிப்பாளர் பெயர் மஹிந்திரா என்று இருக்கிறதா, வில்லிஸ் என்று இருக்கிறதா, இறக்குமதி என்ற குறிப்பு ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தாமதத்துக்கு மாதம் ரூ.500 கூடுதல். இரண்டு வருடம் கொட்டகையில் நின்ற வண்டிக்கு அதுவே ரூ.12,000. யார் கட்டுவது என்பதை விலை பேசும்போதே பேசி முடியுங்கள்.

இதெல்லாம் தீர்ந்த பிறகு படிவம் 28: அதுதான் என்ஓசி. கூடவே படிவம் 29 (விற்றவரின் அறிவிப்பு), படிவம் 30 (வாங்கியவரின் விண்ணப்பம்). வெளிமாநில விற்பனையில் விற்றவர் 45 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். என்ஓசி விண்ணப்பத்துக்கு 30 நாளுக்குள் பதில் வரவில்லை என்றால் வழங்கியதாகவே கருதலாம் என்று 48-வது பிரிவு சொல்கிறது. படிக்க நன்றாக இருக்கும். ஆனால் தமிழ்நாட்டு அலுவலகத்தின் கணினியில் என்ஓசி வராத வரை அடுத்த திரை திறக்காது. எனவே அந்தப் பிரிவைக் காட்டி வாதாடுவதைவிட, கேரள அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு நினைவூட்டல் அனுப்புவது பலன் தரும். என்ஓசி கைக்கு வந்ததும், அதில் எந்த ஆர்.டி.ஓ. பெயர் இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் தேனிக்காரர் என்றால் டிஎன் 60, ஊட்டிக்காரர் என்றால் டிஎன் 43. எஞ்சின் எண், எரிபொருள், சி.சி. மூன்றையும் அங்கே கவுன்டரிலேயே நின்று வாசியுங்கள். வாசித்துவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும்.

பதிவு, இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் உயிரோடு இருந்தால் கேஎல் நம்பரிலேயே ஓட்டி வரலாம். ஒன்று செத்திருந்தாலும் ரெக்கவரி வேனில் ஏற்றுங்கள்.

புகைச் சான்றில் வெளியே வரும் உண்மை

ஆர்.சி.யோடு எஞ்சின் ஒத்துப்போகாத வண்டியை முதலில் காட்டிக்கொடுப்பது பிரேக் இன்ஸ்பெக்டர் அல்ல, ரோட்டோரப் புகைப் பரிசோதனை மையம். வண்டி எண்ணை அடித்ததும் எரிபொருள் வாகன் பதிவிலிருந்து வந்துவிடும். பெட்ரோல் என்று வந்தால் கருவி கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் கேட்கும்; பழைய வண்டிக்கு வரம்பு 3 சதவீதமும் 1500 பி.பி.எம்.மும். டீசல் வண்டிக்கு எடுக்க வேண்டியதோ புகை அடர்த்தி. பாரத் ஸ்டேஜ் 4 புகை விதிக்கு முந்தைய வண்டிக்கு வரம்பு 65 எச்.எஸ்.யூ. (புகை அடர்த்தியின் அளவு). டீசல் எஞ்சினின் சைலன்சரில் பெட்ரோல் கருவியைச் செருகி எடுத்த சான்று ஆர்.சி.யோடு பொருந்தும், வண்டியோடு பொருந்தாது. அதைக் காட்டி நம்பர் வாங்குவது பொய்ச் சான்று கொடுப்பதுதான்.

ஆர்.சி.யில் டீசலாகவே இருந்து புகைதான் அதிகம் என்றால் வேலை எளிது. ஏர் கிளீனரில் பழைய ஆயிலைக் கொட்டிக் கழுவிப் புது ஆயில் ஊற்றுங்கள். இன்ஜெக்டர் நாசில்களைப் பம்ப் சர்வீஸில் கொடுத்து பிரஷர் பார்த்து, சொட்டுவதை மாற்றுங்கள். பம்ப் டைமிங் பாருங்கள். பரிசோதனைக்கு முன் 20 நிமிடம் நன்றாக ஓட்டி எஞ்சினைச் சூடாக்குங்கள். ஆறிய எக்ஸ்டிபி எப்படியும் வெள்ளையாகக் கக்கும்.

தமிழ்நாட்டு அலுவலகத்தில்

புது நம்பருக்குப் படிவம் 27. அதோடு என்ஓசி, 29, 30, அசல் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று, பான் கார்டு அல்லது படிவம் 60, பென்சில் பிரிண்ட். வரி, வண்டியின் முதல் விலையையும் வயதையும் வைத்துப் போடுவார்கள். பழைய ஜீப்புக்கு யாரிடமும் இன்வாய்ஸ் இருக்காது, அலுவலகம் முடிவு செய்யும் மதிப்புதான் கணக்கு. பசுமை வரியும் உண்டு. கேரளாவில் 15 வருட வரிக்காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் திரும்ப வாங்கப் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

வண்டியைக் காட்டும் நாளில் எஞ்சினைச் சுற்றி இன்ஸ்பெக்டர் என்ன பார்க்கிறார் என்பதைச் சொல்லியாக வேண்டும். சிஜே3பியின் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. டீசலாக மாற்றியவர்கள் இன்ஜெக்டரிலிருந்து திரும்பும் லைனை டேங்குக்குக் கொண்டுவராமல், வரும் லைனிலேயே 'T' வடிவ இணைப்பு போட்டுச் சேர்த்திருப்பார்கள். காற்று பிடிக்கும், ரப்பர் ஹோஸ் ஊறிச் சொட்டும். சீட்டுக்கடியில் டீசல் வாடை அடித்தால் அந்த வண்டியை அவர் நல்ல கண்ணோடு பார்க்க மாட்டார். தனி ரிட்டர்ன் லைன் இழுத்து, டேங்கின் மேல்பக்கம் முனையைப் பற்றவைத்து, கிளாம்ப் போடுங்கள். டேங்கைக் கழற்றி, கழுவி, காலியாக்கித்தான் வெல்டிங். உயிர் போகிற விஷயம். எஞ்சினை நிறுத்தும் ஸ்டாப் கேபிள் ஒரே இழுப்பில் நிறுத்த வேண்டும். எஞ்சின் மவுண்ட்டில் தற்காலிகமாக வெட்டிவைத்த ஆங்கிள் துண்டுகள் இருந்தால் மாற்றுங்கள். டீசலின் கூடுதல் எடையில் முன் லீஃப் ஸ்பிரிங் உட்கார்ந்திருந்தால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். பிரேக் பிடித்தால் இழுக்கும். எஞ்சின் மாற்றம் ஆர்.சி.யில் ஏறியபோது எடையும் மாற்றி எழுதப்பட்டதா என்று பாருங்கள். எடை மேடை சீட்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

முன் பம்பரில் போட்ட கனமான கம்பிக் காவலை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள், அதற்கு 2017 கடைசியிலிருந்தே தடை இருக்கிறது. கூரைமேல் விளக்கு, அகல டயர் எல்லாவற்றையும் அதேபோல் கழற்றிவிடுங்கள். எஞ்சின் பேப்பர் சுத்தமாக இருந்தும் டயருக்காக வண்டி திரும்பிய கதை வேண்டாம்.

வின்டேஜ் என்று போகலாமா

ஐம்பது வயது தாண்டிவிட்டதே, வின்டேஜ் பதிவு வாங்கிவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் ஆன, வணிகத்துக்குப் பயன்படாத வண்டிக்கு 'விஏ' எழுத்துகளோடு தனி எண் தருகிறார்கள், கட்டணம் ரூ.20,000, பத்து வருடம் செல்லும். ஆனால் அதே விதியில், வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் நடந்திருக்கக்கூடாது என்றும் இருக்கிறது. டீசல் ஏற்றிய ஜீப்புக்கு அந்தக் கதவு மூடியதுதான். ஹரிக்கேனைத் திரும்ப வைத்தவர்கள் யோசிக்கலாம். அவர்களும் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று மட்டும்தான் ரோட்டில் எடுக்க முடியும். தினசரி ஓட்டம் கிடையாது. தோட்டத்துக்கு ஓட்டவே ஜீப் வாங்குகிறவருக்கு அது உதவாது.

நம்பர் வந்த பிறகு

இன்சூரன்ஸைப் பெயர் மாற்றத்துக்கு 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், புது நம்பருக்கு மறுபடி ஒரு எண்டார்ஸ்மென்ட். பாலிசியில் எஞ்சின் எண்ணும் சி.சி.யும் சரியாக இருக்கட்டும். ஜீப்புக்கு 2199-ம் 2112-ம் 2523-ம் ஒரே பிரிவில்தான் வருகின்றன, பிரீமியம் மாறாது. அம்பாசிடர்காரர்கள் கவனிக்க வேண்டும்: 1489 சி.சி.க்கு மூன்றாம் நபர் பிரீமியம், 2022 ஜூனில் வந்த விகிதப்படி, ரூ.3,416, 1500-ஐத் தாண்டினால் ரூ.7,897. இசுசு டீசல் 1995 சி.சி. பழைய சி.சி.யிலேயே பாலிசி ஓடிக்கொண்டிருந்தால் விபத்து நாளில் இன்சூரன்ஸ் கம்பெனி அதைத்தான் முதலில் கையில் எடுக்கும்.

புது ஆர்.சி. கார்டு வந்ததும் கார்டை மட்டும் பார்க்காமல், கணினி விவர நகலையும் ஒருமுறை எடுத்து எஞ்சின் எண், எரிபொருள், சி.சி. மூன்றையும் சரிபாருங்கள். பாஸ்டேக்கையும் புது நம்பருக்கு மாற்றுங்கள். கேரளப் புத்தகத்தை ஒப்படைக்கும் முன் எல்லாப் பக்கத்தையும், முக்கியமாக அந்த நீல மைக் குறிப்பு இருக்கும் பக்கத்தை, ஸ்கேன் செய்து எஞ்சின் பில்லோடும் என்ஓசி நகலோடும் ஒரே கவரில் வையுங்கள். ஐந்து வருடம் கழித்துப் புதுப்பிக்கப் போகும்போது வேறொரு இன்ஸ்பெக்டர் இருப்பார், பானெட்டைத் திறந்து அதே கேள்வியைத்தான் கேட்பார்.